16 கோர் வாங்கினேன், 12 வேடிக்கை பார்த்தன

புது கணினி வந்த முதல் ராத்திரி நான் செய்த வேலை, டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு அதில் கோர் வாரியாகப் பிரித்துக் காட்டும் சின்னச் சின்னக் கட்டங்களையே உட்கார்ந்து பார்த்தது. 16 கோர் (செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), கோருக்கு இரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைச் சரடு), ஆக 32 கட்டம். பழைய நான்கு கோர் கணினியில் ராத்திரி முழுக்க ஓடிய ஒரு வீடியோ என்கோடிங்கை, அதாவது வீடியோவைச் சுருக்கி மாற்றும் வேலையை, எடுத்து இதில் போட்டேன். 32 கட்டமும் மேலே முட்டிக்கொண்டு நிற்கும், விசிறி அலறும், நான் பெருமையோடு படுக்கப் போவேன் என்று ஒரு கற்பனை. ஆனால் ஒரே ஒரு கட்டம்தான் உயரத்தில் நின்றது. மற்றதெல்லாம் தரையோடு தரையாக லேசாகத் துடித்துக்கொண்டிருந்தன. விசிறிச் சத்தமே இல்லை. மொத்தப் பயன்பாடு 20 சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

நான் போட்டிருந்த கணக்கு ரொம்ப எளிமையானது. நாலு கோர் 16 ஆனால் நாலு மடங்கு, புது தலைமுறை செயலி என்பதால் ஒவ்வொரு கோரும் தனியாகவே வேகம், அதையும் பெருக்கினால் எட்டு மடங்காவது வரும். வந்தது இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். பிற்பாடு புரிந்தது, அந்த இரண்டு மடங்குகூட கோர் கூடியதால் வந்ததில்லை, ஒற்றைக் கோரின் வேகம் கூடியதால் வந்தது. அதாவது கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கிய 12 கோரும் அன்று ராத்திரி எனக்காக ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை.

என்ன வீடியோ என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் அதுதான் முக்கியமாகப் போகிறது. மூன்று வகை. பழைய டிஜிட்டல் வீடியோ கேசட்டுகளிலிருந்து இறக்கியவை, 720க்கு 576 அளவு, ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி இடத்தை விழுங்கும். அப்புறம் வந்த கேமராவின் 1080 கோப்புகள். கடைசியாக 4கே. எல்லாவற்றையும் எக்ஸ்265 என்ற என்கோடர் (சுருக்கும் மென்பொருள்) கொண்டு 10 பிட் ஹெச்இவிசி என்ற சுருக்க வடிவத்துக்கு மாற்றி, ஹார்டு டிஸ்க்கில் மூச்சு விடக் கொஞ்சம் இடம் பிடிக்கலாம் என்பது திட்டம். கேசட் வீடியோவில் இரைச்சல் (படத்தில் பொடிப் பொடியாகத் துடிக்கும் புள்ளிகள்) அதிகம் என்பதால், இன்டர்லேஸ் (வரி விட்டு வரி பதியும் பழைய முறை) நீக்கவும் இரைச்சலைக் குறைக்கவும் எப்போதோ எழுதி வைத்திருந்த ஓர் ஏவிஐசிந்த் (வீடியோவை வடிகட்டிச் சரிசெய்யும் மென்பொருள்) ஸ்கிரிப்டும் நடுவில் உண்டு. குற்றவாளி அங்கேதான் ஒளிந்திருந்தான்.

என்கோடிங் மெதுவாக ஓடினால் நாம் எல்லோரும் முதலில் கை வைப்பது என்கோடரின் அமைப்புகளில்தான். நானும் த்ரெட் எண்ணிக்கையை 16, 24, 32 என்று மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு மாலைப் பொழுதை வீணாக்கினேன். முதலில் செய்திருக்க வேண்டிய சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும்: என்கோடரையே கழற்றிவிட்டு, கோப்பைத் திறப்பதும் ஃபில்டரில், அதாவது அந்த ஸ்கிரிப்டில், ஓட்டுவதும் மட்டும் நடக்கட்டும், வெளியே வருவதை எங்கேயும் எழுதாமல் தூக்கி எறியட்டும் என்று விட்டுப் பார்ப்பது. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கட்டளை நிரலில் வெளியீட்டு வடிவத்தை 'நல்' (வெற்று) என்று கொடுத்தால் அதைத்தான் செய்யும். செய்தேன். என்கோடர் இருக்கும்போது விநாடிக்கு எத்தனை ஃபிரேம் (வீடியோவின் தனித்தனிப் படம்) வந்ததோ, என்கோடர் இல்லாதபோதும் ஏறக்குறைய அதே எண்ணிக்கைதான். ஆக என்கோடர் பாவம், இலை போட்டு உட்கார்ந்திருக்கிறது, சமையல்கட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை.

பழைய ஏவிஐசிந்த் ஒற்றை த்ரெட்டில் ஓடியது. ஏவிஐசிந்த் பிளஸ் வந்தபோது பல த்ரெட்டில் ஓடும் வசதியும் வந்தது, ஆனால் நாமாகக் கேட்டால்தான் கிடைக்கும். ஸ்கிரிப்ட்டின் கடைசியில் ப்ரீஃபெட்ச் என்று ஒரு வரி எழுதி, எத்தனை த்ரெட் என்று அடைப்புக்குறிக்குள் சொல்ல வேண்டும். என் ஸ்கிரிப்ட் அதற்கெல்லாம் முந்தைய காலத்தது. நாலு கோர் இயந்திரத்தில் ஃபில்டரும் என்கோடரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்ததால் இந்தக் குறை வெளியே தெரியவே இல்லை. ஒரே ஒரு வரியைச் சேர்த்தேன், வேகம் பல மடங்கு எகிறியது. சந்தோஷப்படுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாத ஒரு நிலை.

எஃப்எஃப்எம்பெக்கிலும் இதே கதை வேறு உருவத்தில் இருந்தது. கோப்பைப் பிரிப்பது, டிகோட் செய்வது, ஃபில்டர், என்கோடர் என்று ஒவ்வொன்றும் தனக்குள்ளே பல த்ரெட் வைத்துக்கொண்டாலும், ஒன்று முடித்துக் கொடுத்தால் அடுத்தது தொடங்கும் என்ற வகையில்தான் அந்தக் கட்டளை நிரல் வெகுகாலம் இயங்கியது. 2024-இல் வந்த 7.0 பதிப்பில்தான் இவை எல்லாமும் தனித்தனி த்ரெட்டில் ஒரே நேரத்தில் ஓடும்படி உள்ளே பிரித்து எழுதினார்கள். அதற்கு முந்தைய பதிப்பை வைத்துக்கொண்டு கோரைக் குறை சொல்பவர்கள் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு வரலாம்.

சரி, ஃபில்டர் கதை முடிந்தது. இப்போது எல்லாக் கோரும் நிரம்பியிருக்க வேண்டுமே? 1080 கோப்புகளில் ஓரளவு நிரம்பின. கேசட் கோப்புகளில் பாதிகூட இல்லை. இங்கேதான் எனக்கு விஷயம் சுவாரசியமாகத் தொடங்கியது.

வீடியோவைச் சுருக்குவது என்றால் அடிப்படையில், இதற்கு முன் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் இருப்பது. இந்த ஃபிரேமில் இருக்கும் சுவர் முந்தைய ஃபிரேமிலும் இருந்தது, அதையே எடுத்துக்கொள். இந்தக் கை முந்தைய ஃபிரேமில் மூன்று புள்ளி இடப்பக்கம் இருந்தது, அங்கிருந்து நகர்த்திக்கொள். ஒரே ஃபிரேமுக்குள்ளும் அப்படித்தான், ஒரு கட்டம் தன் இடப்பக்கத்துக் கட்டத்தையும் மேலே இருப்பதையும் பார்த்துத் தன்னை ஊகிக்கிறது. எவ்வளவுக்கு எவ்வளவு முன்னதைச் சார்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு கோப்பு சின்னதாகும். ஆனால் முன்னதைச் சார்ந்திருப்பது என்றால் முன்னது முடியும்வரை காத்திருப்பது என்றும் அர்த்தம். நல்ல சுருக்கமும் நல்ல இணைச் செயலாக்கமும் பிறவியிலேயே பங்காளிகள், ஒன்றுக்குக் கொடுப்பதை இன்னொன்றிடமிருந்து பிடுங்கித்தான் கொடுக்க வேண்டும்.

எக்ஸ்265-க்கு முந்தைய என்கோடரான எக்ஸ்264 தொடக்கத்தில் ஒரு ஃபிரேமைப் படுக்கை வாட்டில் துண்டு துண்டாக நறுக்கி, துண்டுக்கு ஒரு த்ரெட் என்று கொடுத்தது. துண்டுகள் ஒன்றையொன்று பார்க்காது, அதனால் காத்திருப்பு குறைவு, ஆனால் ஒவ்வொரு எல்லையிலும் ஊகிக்கும் வசதி அறுந்துபோய்ச் சுருக்கம் கெடும். 2006 வாக்கில் அதைக் கைவிட்டு ஃபிரேம் த்ரெட் முறைக்கு மாறினார்கள்: பல ஃபிரேம்களை ஒரே நேரத்தில் தொடங்குவது, ஒவ்வொன்றும் தனக்கு முந்தைய ஃபிரேமைவிடச் சில வரிசைகள் பின்தங்கியே ஓடுவது. ஒரே வயலில் வரிசையாகப் பல ஏர் பூட்டி, ஒன்றின் பின் ஒன்றாக உழுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், முன்னேர் போன வழியில்தான் பின்னேர் போக முடியும், ஆனால் முன்னேர் வயலை முடிக்கும்வரை கரையில் நிற்கத் தேவையில்லை. எக்ஸ்264 தானாகத் தேர்ந்தெடுக்கும் த்ரெட் எண்ணிக்கை செயலியின் த்ரெட் எண்ணிக்கையைப் போல ஒன்றரை மடங்கு, எப்படியும் சில பேர் காத்திருப்பார்கள் என்று தெரிந்துதான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

2013-இல் ஹெச்இவிசி வந்தபோது அந்தத் தரநிலைக்குள்ளேயே இணைச் செயலாக்கத்துக்கு இடம் வைத்தார்கள். அதில் ஒன்று வேவ்ஃபிரன்ட். அதற்கு முந்தைய ஹெச்.264 வடிவத்தின் காலத்தில் 16க்கு 16 புள்ளியாக இருந்த அடிப்படைக் கட்டம் ஹெச்இவிசியில் 64க்கு 64 வரை போகலாம், இதைச் சிடியு என்பார்கள். முதல் வரிசையில் இரண்டு சிடியு முடிந்ததும் இரண்டாவது வரிசை தொடங்கலாம், அதில் இரண்டு முடிந்ததும் மூன்றாவது. படிக்கட்டு மாதிரி சரிந்து இறங்கும். இதனால் சுருக்கத்தில் நஷ்டம் மிகக் குறைவு, அதனால் எக்ஸ்265 இதை இயல்பாகவே போட்டு வைத்திருக்கிறது.

இப்போது ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள், நான் எடுத்தேன். எல்லாச் சிடியுவுக்கும் ஒரே நேரம்தான் ஆகும் என்று வைத்துக்கொள்வோம் (ஆகாது, ஆனால் கணக்குக்காக). 1080 ஃபிரேமில் 17 வரிசை, வரிசைக்கு 30 சிடியு, மொத்தம் 510. ஒவ்வொரு வரிசையும் மேலே உள்ளதைவிட இரண்டு படி தாமதமாகத் தொடங்குவதால் கடைசி வரிசை 32 படிகள் கழித்துத்தான் தொடங்கும், 62-ஆவது படியில் முடியும். 510-ஐ 62-ஆல் வகுத்தால் 8.2. அதாவது ஒரு 1080 ஃபிரேமுக்குள் எவ்வளவு முட்டி மோதினாலும் சராசரியாக எட்டுக் கோருக்குத்தான் வேலை. தொடக்கத்திலும் முடிவிலும் அதுகூட இல்லை.

4கே ஃபிரேமுக்கு 34 வரிசை, 60 சிடியு, அதே கணக்கு 16.2 என்று வருகிறது. அழகு. என் கேசட்டுக்கு? 9 வரிசை, 12 சிடியு, 108-ஐ 28-ஆல் வகுத்தால் 3.9. நாலு கோர்கூட முழுசாக இல்லை! 16 கோர் இயந்திரத்தில், பாக்கி 12 பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இதை வேவ்ஃபிரன்ட் மட்டும் தனியாகச் சமாளிக்க முடியாது என்பதால்தான் எக்ஸ்265 அதன்மேல் ஃபிரேம் த்ரெட்டையும் போடுகிறது, அடுத்த ஃபிரேமின் மேல் வரிசைகளை இந்த ஃபிரேமின் கீழ் வரிசைகள் ஓடும்போதே தொடங்கிவிடுகிறது. ஆனாலும் அடுத்த ஃபிரேம் எவ்வளவு சீக்கிரம் தொடங்கலாம் என்பது, அசைவைத் தேடி அது முந்தைய ஃபிரேமில் எவ்வளவு கீழே வரை எட்டிப் பார்க்கும் என்பதைப் பொறுத்தது.

இந்த இடத்தில் ஒரு எண்ணைக் காட்டாமல் போக மனசு வரவில்லை. எக்ஸ்265-இல் அசைவுத் தேடலின் எல்லை இயல்பாக 57 புள்ளி. 60 இல்லை, 64 இல்லை, 57. வெகுநாள் இது யாரோ கண்ணை மூடிக்கொண்டு வைத்த எண் என்றே நினைத்திருந்தேன். சிடியுவின் உயரம் 64. அதிலிருந்து, புள்ளிகளுக்கு நடுவே உள்ள மதிப்பைக் கணக்கிடும் வடிகட்டியின் பாதி நீளம் 4 கழிக்கவும். நுண் அசைவுக்கு 2 கழிக்கவும். தேடும் முறை ஒரு புள்ளி வழுக்கினால் என்ன செய்வது என்று எச்சரிக்கையாக இன்னும் 1. மிச்சம் 57. ஒரு புள்ளி கூடினாலும் முந்தைய ஃபிரேமில் இன்னும் ஒரு முழுச் சிடியு வரிசை முடியும்வரை காத்திருக்க வேண்டும். யாரோ ஒருவர் உட்கார்ந்து, காத்திருப்பை ஒரு வரிசை குறைப்பதற்காக இந்தக் கழித்தலைப் போட்டிருக்கிறார். எனக்கு அது பிடித்திருந்தது.

கேசட் கோப்புகளுக்குச் சிடியுவை 64-லிருந்து 32 ஆக இறக்கினேன். அதே 576 ஃபிரேமில் இப்போது 18 வரிசை, 23 சிடியு, கணக்கு 7.3 என்று ஏறுகிறது. தேடல் எல்லையையும் அதே கழித்தல்படி 25 ஆக்கினேன். இவ்வளவு சின்னப் படத்தில் 64 புள்ளிக் கட்டத்தால் பெரிய லாபம் ஏதும் இல்லை, ஒரு முகமே சில சமயம் அதற்குள் அடங்கிவிடும், அதனால் தரத்திலோ கோப்பின் அளவிலோ சொல்லிக்கொள்ளும்படி எதுவும் போகவில்லை. வேகம் நன்றாகவே கூடியது.

இப்போது புரிந்திருக்கும், செயலி விமர்சனங்களில் வரும் என்கோடிங் வரைபடங்களை நான் ஏன் ஒரு சிட்டிகை சந்தேகத்தோடு பார்க்கிறேன் என்று. அவை பொய் என்று சொல்லவில்லை. ஆனால் சோதனைக்கு 4கே கோப்பை எடுத்தால் நிறைய கோர் உள்ள செயலி ஜொலிக்கும், 720 கோப்பை எடுத்தால் அதே செயலி சோம்பேறியாகத் தெரியும். எந்த அளவு, எந்தப் பிரிசெட் (வேகத்தையும் சுருக்கத்தையும் தீர்மானிக்கும் முன்னமைப்பு), நடுவில் ஃபில்டர் உண்டா என்று சொல்லாத வரைபடம் எனக்கு ஒன்றும் சொல்வதில்லை. பிரிசெட்கூட ஆளை ஏமாற்றும்: ரொம்ப வேகமான பிரிசெட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆகும் வேலை குறைந்துபோய், முன்கூட்டியே ஃபிரேம்களைப் பார்த்து எது பி-ஃபிரேம் (முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களைப் பார்த்து ஊகிப்பது), எங்கே காட்சி மாறுகிறது என்று முடிவு செய்யும் பகுதி நெரிசலாகிவிடும். மெதுவான பிரிசெட்டில் கோர்கள் நன்றாக நிரம்பும். அதனால் பிரிசெட்டை ஒரு படி மெதுவாக்கினால் சில சமயம் எதிர்பார்த்த அளவு நேரம் கூடாது, சும்மா இருந்த கோர்களே அந்த வேலையைச் செய்துவிடும்.

1967-இல் ஜீன் ஆம்டால் சொன்ன வாதத்தை எல்லோரும் பாடப்புத்தகத்தில் படித்துத் தேர்வில் எழுதிவிட்டு மறந்திருப்போம். வேலையில் பத்தில் ஒரு பங்கு வரிசையாகத்தான் நடந்தாக வேண்டும் என்றால், 16 கோர் போட்டாலும் 6.4 மடங்கு வேகம்தான், கோடி கோர் போட்டாலும் 10 மடங்கைத் தாண்டாது. வீடியோவில் அப்படி வரிசையாக நடந்தே ஆக வேண்டிய பகுதிக்கு நல்ல உதாரணம் கேபாக் என்ற கடைசிக் கட்டச் சுருக்கம். ஒரு பிட்டை எழுதினால்தான் அடுத்த பிட்டுக்கான நிகழ்தகவு தெரியும், அதை எழுதினால்தான் அதற்கடுத்தது. வேவ்ஃபிரன்ட்டில் மேல் வரிசையின் இரண்டாவது சிடியு முடிந்ததும் அந்த நிகழ்தகவு அட்டவணையின் நகலைக் கீழ் வரிசைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் படிக்கட்டின் இரண்டு படி இடைவெளிக்கு அதுவும் ஒரு காரணம்.

32 கட்டத்தைப் பார்த்து 32 கோர் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு கோரின் இரண்டு த்ரெட்டும் ஒரே கணக்கிடும் பகுதிகளைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. என்கோடர்களில், செயலிக்கு மிக நெருக்கமான மொழியான அசெம்பிளியில் கையால் எழுதிய பகுதிகள் அந்தப் பகுதிகளை ஏற்கெனவே வாட்டி எடுத்துக்கொண்டிருக்கும், இரண்டாவது த்ரெட்டுக்கு மிச்சம் மீதிதான். கொஞ்சம் லாபம் உண்டு, இரட்டிப்பு கிடையாது. அந்த அசெம்பிளி வேலையின் அருமை தெரிய வேண்டுமானால் எக்ஸ்264-இல் அதை அணைத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். 16 புள்ளிகளின் வித்தியாசத்தை ஒரே கட்டளையில் கூட்டிக்கொண்டிருந்த இயந்திரம், ஒவ்வொரு புள்ளியாக எண்ணத் தொடங்கும். முடியும்வரை உட்கார எனக்குப் பொறுமை இல்லை, பாதியில் நிறுத்திவிட்டேன்.

அப்புறம் நினைவகம். ஒரு 1080 ஃபிரேம் 8 பிட்டில் சுமார் 3.1 எம்பி. 10 பிட் என்றால் ஒவ்வொரு புள்ளியையும் 16 பிட்டில் வைப்பதால் அது 6.2. 4கே 10 பிட்டில் கிட்டத்தட்ட 25 எம்பி, அது ஒரே ஃபிரேம். நாலைந்து ஃபிரேமைத் திரும்பிப் பார்க்க வேண்டும், அதற்குமேல் பல ஃபிரேம் ஒரே நேரத்தில் ஓடுகிறது என்றால் எந்தக் கேஷிலும் (செயலிக்குள் இருக்கும் சின்ன, வேகமான நினைவகம்) அடங்காது. என் செயலியில் 16 கோரும் ஒரே சில்லில் இல்லை, எட்டெட்டாக இரண்டு சில்லு, ஒவ்வொன்றுக்கும் தனி எல்3 கேஷ். ஒரு சில்லில் எழுதிய வரிசையை மறு சில்லில் இருக்கும் த்ரெட் படிக்க வேண்டுமானால் அது சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

இதையெல்லாம் படித்து, கணக்குப் போட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. என்னிடம் இருப்பது ஒரு கோப்பா? நூற்றுக்கும் மேல்! ஒரு கேசட்டை 16 கோரில் ஓட்ட எதற்கு இந்தப் பாடு, நாலு கேசட்டை எடுத்து, கேசட்டுக்கு நாலு கோர் என்று பிரித்துக் கொடுத்தால் முடிந்தது. ஒரு ஃபிரேமுக்கு 3.9 என்று அழுதுகொண்டிருந்த கணக்கு இப்போது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒவ்வொரு எக்ஸ்265-க்கும் த்ரெட் குழுவின் அளவைக் குறைத்துக் கொடுத்தேன், சில்லுக்கு இரண்டு என்கோடர் என்று இயங்குதளத்திடம் சொல்லிக் கட்டிப் போட்டேன், ஒன்றின் ஃபிரேம்கள் இன்னொன்றின் கேஷுக்குள் போகாது. 32 கட்டமும் மேலே போய் முட்டி நின்றது. விசிறி அலறியது. ஒரு கேசட் முடியும் நேரம் கூடிவிட்டது, ஆனால் ஒரு ராத்திரிக்கு முடியும் கேசட்டுகள் பல மடங்கு. ரேம் மட்டும் கவனிக்க வேண்டும், நாலு என்கோடரும் ஆளுக்கு ஒரு மூட்டை ஃபிரேமை வைத்துக்கொண்டிருக்கும்.

ஒரே நீளமான கோப்பு என்றால் அதையே வெட்டி இப்படிக் கொடுக்கலாம். பெரிய ஸ்ட்ரீமிங் சேவைகள் எல்லாம் ஒரு படத்தைத் துண்டுகளாக்கிப் பல இயந்திரங்களுக்கு அனுப்பித்தான் வேலையை முடிக்கின்றன, வீட்டில் செய்ய ஏவி1ஏஎன் மாதிரி கருவிகள் உண்டு. நான் வழக்கம்போல முதலில் என் சொந்தப் புத்தியைப் பயன்படுத்தினேன். மூன்று மணி நேர 1080 கோப்பு ஒன்றை நேரத்தை வைத்து, பத்துப் பத்து நிமிடமாக, ஒலியோடு சேர்த்தே வெட்டினேன். ஒட்டிய பிறகு முதல் அரை மணி நேரம் எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் பேசுபவரின் வாய்க்கும் குரலுக்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு ஒட்டிலும் ஒலியில் ஒரு பொடி இடைவெளி, இரண்டு இடத்தில் ஒரு ஃபிரேம் இரட்டித்திருந்தது. 18 துண்டில் அது சேர்ந்து சேர்ந்து காதுக்கே தெரியும் அளவு ஆகிவிட்டது. இப்போதெல்லாம் ஒலியைத் தொடுவதே இல்லை, அதைத் தனியாக முழுசாக வைத்துவிட்டுக் கடைசியில் சேர்க்கிறேன். படத்தைக் காட்சி மாறும் இடத்தில், ஃபிரேம் எண்ணை வைத்து வெட்டுகிறேன், எல்லாம் முடிந்ததும் துண்டுகளின் ஃபிரேம் எண்ணிக்கையைக் கூட்டி மூலத்தோடு ஒப்பிடுகிறேன். ஒன்று குறைந்தாலும் ஒட்டுவதில்லை.

இன்னொரு சின்ன எரிச்சல், கடைசித் துண்டு. எல்லாம் முடிந்து ஒரே ஒரு நீளமான துண்டு மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கும், மற்ற மூன்று இடமும் காலி. நீளமான துண்டுகளை முதலில் ஓட விட்டால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதற்கு அரை நாள் யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

எல்லாக் கோரும் நிரம்பியதும் புதுப் பிரச்சினை, சூடு. பெட்டியின்மேல் போட்டிருக்கும் அந்த உச்ச வேகம் ஒன்றிரண்டு கோர் ஓடும்போதுதான். பதினாறும் சேர்ந்து ஓடினால் மின்சார வரம்பும் வெப்ப வரம்பும் குறுக்கே வந்து வேகத்தை இழுத்துப் பிடிக்கும். இரண்டு நிமிடச் சோதனையில் வரும் எண்ணும் எட்டு மணி நேர ஓட்டத்தில் வரும் எண்ணும் ஒன்றாக இருக்காது, மடிக்கணினியில் கேட்கவே வேண்டாம். நான் மின்சார வரம்பை வேண்டுமென்றே கொஞ்சம் இறக்கி வைத்திருக்கிறேன். கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்காக மின்னழுத்தம் ஏறும்போது மின்சாரம் அதன் வர்க்கத்தில் ஏறுகிறது. அதை விட்டுக்கொடுத்ததில் வேகம் போனது தெரியவில்லை, சத்தம் போனது நன்றாகத் தெரிகிறது.

பெரிய கோரும் சின்னக் கோரும் கலந்து வரும் செயலிகள் தனிக் கதை. இன்டெல்லின் 12-ஆம் தலைமுறை 2021-இல் மேசைக் கணினிக்கு இதைக் கொண்டுவந்தது. இப்படி ஒன்று வைத்திருக்கும் நண்பன், "என்கோடிங் ஜன்னலைச் சுருக்கி வைத்தால் வேகம் பாதியாகிறது, திறந்து வைத்தால் சரியாகிறது, என்னடா மாயம்" என்று கேட்டான். மாயம் இல்லை, சுருக்கி வைத்ததும் அது பின்னணி வேலை என்று இயங்குதளம் தானாக முடிவு செய்து சின்னக் கோர்களுக்குத் தள்ளிவிட்டது. மின்சார அமைப்பை மாற்றியதும் தீர்ந்தது. படிக்கட்டில் ஒரு வரிசை சின்னக் கோரில் மாட்டிக்கொண்டால் அதன் கீழே உள்ள எல்லோரும் அதன் வேகத்துக்கே இறங்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சிரமத்துக்குக் கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் வன்பொருள் என்கோடரிலேயே ஓட்டலாமே என்று கேட்பீர்கள். நேரலைக்கு நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன், அவ்வளவு வேகம். ஆனால் வைத்துப் பாதுகாக்கப் போகும் கோப்புக்கு, அதே தரத்தை மெதுவான பிரிசெட்டில் மென்பொருள் என்கோடர் குறைந்த இடத்தில் கொடுத்துவிடுகிறது, அதனால் எனக்கு வேண்டாம். ஏவி1 என்ற இன்னொரு சுருக்க வடிவத்தின் பக்கம் போக நினைப்பவர்களுக்கு, இன்டெல்லும் நெட்ஃபிளிக்ஸும் சேர்ந்து தொடங்கிய எஸ்விடி-ஏவி1 நிறைய கோர்களை மனதில் வைத்தே கட்டப்பட்டது, கோர்களுக்குத் தீனி போடுவதில் இன்னொரு ஏவி1 என்கோடரான லிப்ஏஓஎம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அடுத்த சுற்றில் 4கே கோப்புகளை அதில்தான் போட்டுப் பார்க்கப் போகிறேன்.

கேசட்டுகள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. ஒன்று மட்டும் தகராறு. யாரோ கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஓட விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், ஒரு மணி நேரம் அதே அறை, அதே வெளிச்சம், மேடையில் ஒருவர் உட்கார்ந்து பேசுகிறார். காட்சி மாறினால் வெட்டலாம், மாறவே இல்லை. வெட்டும் கருவி கோப்பு முழுவதையும் ஒரே துண்டு என்று திருப்பிக் கொடுத்தது. எண்ணை வைத்து நடுவில் வலுக்கட்டாயமாக வெட்டினால், அசையாத சுவரில் புதுக் கீஃபிரேம் (முன்னதைச் சாராத முழுப் படம்) விழும் இடத்தில் இரைச்சல் சட்டென்று மாறிக் கண்ணில் ஒரு துள்ளல் தெரிகிறது. இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, போகட்டும் என்று அப்படியே ஓட விட்டேன். வரிசையில் வேறு கோப்பும் பாக்கி இல்லை. நேற்று ராத்திரி அது மட்டும் நாலு கோரில் ஓடிக்கொண்டிருந்தது, மற்ற பன்னிரண்டும் அந்த மனிதர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன.